பொங்கலுக்கு ஏற்காடு: 14 வண்டி, இரண்டு ராத்திரி கூடாரம். எந்தப் பாதையில் ஏறி எதில் இறங்குவது?

டிசம்பர் 20, கேள்வி

எங்க கிளப்ல 14 வண்டி கிளம்புது. அஞ்சு புல்லட், ரெண்டு ஆர்எக்ஸ் 100, ஒரு ஹிமாலயன், மீதி ஆறும் 100, 125 சிசி. மாட்டுப் பொங்கல் காலைல சேலத்துல கிளம்பி, மேல ஒரு காபித் தோட்டத்துல ரெண்டு ராத்திரி கூடாரம் போட்டு, மூணாம் நாள் காலைல இறங்கறோம். அடிவாரம் வழியா 20 கொண்டை ஊசி ஏறி, லூப் ரோடு 32 கிலோமீட்டர் சுத்திட்டு, குப்பனூர் வழியா இறங்கலாம்னு யோசனை. கூடாரம், பாத்திரம், 5 கிலோ சிலிண்டர் எல்லாத்தையும் ஹிமாலயன்ல கட்டிட்டா மத்த வண்டி லேசா ஏறிடும். சரியா வருமாண்ணா?

டிசம்பர் 20, இரவு

ஏற்றத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், தம்பி. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். மேலே காற்று மெலிசு என்பதால் எஞ்சினுக்குப் பத்தில் ஒரு பங்கு பலம் குறையும், அவ்வளவுதான். 100 சிசி வண்டியும் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டே ஏறிவிடும். தயார் பண்ண வேண்டியது இறக்கத்துக்கு.

வண்டி, ஆள், மூட்டை எல்லாம் சேர்த்து 250 கிலோ என்று வையுங்க. அடிவாரம் வரைக்கும் 1,100 மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வரும் சூடு எட்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியரில் இருந்தால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். கிளட்சைப் பிடித்தபடியோ நியூட்ரலிலோ விட்டால் எல்லாம் பிரேக் ஷூவுக்கும் டிஸ்க்குக்கும்தான் போகும். எந்த கியரில் ஏறினீங்களோ அதே கியரில் இறங்குங்க. மற்ற எல்லாமே இதற்கு அப்புறம்தான்.

குப்பனூர் பாதை நல்ல பாதை, கூட்டம் குறைவு, இறங்கலாம். மூட்டை விஷயத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

டிசம்பர் 21

எல்லாவற்றையும் ஒரே வண்டியில் கட்டுவது கூடவே கூடாது. ஹிமாலயன் தாங்கும் என்பது வாஸ்தவம். ஆனால் பின்கேரியரில் 40 கிலோ ஏறினால் முன்சக்கரம் லேசாகிவிடும். ஏற்றத்து வளைவில் ஹேண்டில் பஞ்சு மாதிரி இருக்கும், இறக்கத்தில் வண்டி சொன்ன பேச்சுக் கேட்காது. ஒரு வண்டிக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் வேண்டாம், 14 பேரும் பங்கு போட்டுக்கொள்ளுங்க.

கனமான சாமான், அதாவது ஸ்பேனர், டியூப், அரிசி, டேங்க் பேக்கிலோ சாடில் பேக்கின் அடியிலோ இருக்கட்டும். கூடாரத்தைப் பின்சீட்டில் குறுக்காக வையுங்க. பின் அச்சைத் தாண்டிப் பின்னால் துணிமணி மட்டும். பைக்கும் சைலன்ஸருக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி வேண்டும். நிற்கும்போது பார்த்தால் போதாது, ஆள் ஏறி உட்கார்ந்து ஸ்பிரிங் அமுங்கிய பிறகு பாருங்க. ரெயின்கோட்டும் நைலான் பையும் உருகி ஒட்டுவது எல்லாம் அந்த இடத்தில்தான்.

கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றை மட்டும் நம்பாதீங்க. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது நீண்டு சுருங்கும், மூட்டை அரை அங்குலம் நகரும், பத்தாவது வளைவில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். சேலத்தில் இருந்துகொண்டு கயிறு கட்டத் தெரியாமல் போகலாமா? லாரிக்காரர் லோடு கட்டும் அதே முடிச்சு: கயிற்றில் ஒரு கண்ணி போட்டு, நுனியைக் கேரியர் கம்பிக்கு அடியில் விட்டு மேலே கொண்டுவந்து, கண்ணிக்குள் நுழைத்துக் கீழே இழுத்தால் கப்பி மாதிரி இறுகும். 8 மில்லிமீட்டர் கயிறு போதும். எலாஸ்டிக்கை அதற்கு மேல் ஒன்று போட்டுக்கொள்ளுங்க.

5 கிலோ சிலிண்டர் வண்டியில் வேண்டாம். ரெகுலேட்டர் வாய் ஒரு கம்பியில் இடித்துக்கொண்டே வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். 230 கிராம் கேன் பொருத்தும் சின்ன அடுப்பு மூன்று கொண்டு போங்க, ஆறு கேன் எடுத்துக்கொள்ளுங்க.

டிசம்பர் 22

கரும்பு கட்டலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பொங்கலுக்கு வேறென்ன கட்டுவது, கட்டலாம். ஆனால் முழுக்கரும்பு வேண்டாம். வண்டிக்குப் பின்னால் மூன்றடி நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு வளைவில் எதிர்ப்பக்கத்துப் பாதையைக் கூட்டும், பின்னால் வருகிறவர் முகத்துக்கு நேராக நிற்கும். இரண்டடித் துண்டாக வெட்டி, கோணியில் சுற்றி, சீட்டின் குறுக்கே. சோகையைக் கீழேயே கழித்துவிடுங்க.

டிசம்பர் 24

வண்டி வேலை. பொங்கலுக்கு முந்தின வாரம் மெக்கானிக் கடையில் இடமே இருக்காது, இப்போதே முடியுங்க.

பின்பக்க டிரம் பிரேக்: பேனல் மேல் சின்ன அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுசாக மிதிக்கும்போது அந்த அம்பு கோட்டைத் தொட்டால் ஷூ முடிந்தது என்று அர்த்தம். தொடவில்லை என்றாலும் ஒரு தடவை கழற்றிப் பாருங்க. ஷூவின் முகம் மங்கலாக, சொரசொரப்பாக இருந்தால் நல்லது. கண்ணாடி மாதிரி மினுங்கினால் அது ஏற்கெனவே சூட்டில் வெந்தது. மிதிக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் விளையாட்டு, அதாவது பிரேக் பிடிக்குமுன் மிதி சும்மா அமுங்கும் தூரம், இருக்கட்டும். இதற்குக் குறைவாக இறுக்கினால், கால் லேசாகப் பட்டாலே ஷூ உரசிக்கொண்டு வரும், இறக்கம் முழுக்கச் சூடு ஏறும்.

டிஸ்க் உள்ளவர்கள் பிரேக் ஆயிலைப் பாருங்க. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஆனால் அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறின ஆயிலுக்குக் கொதிநிலை 155 வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி, லீவர் ஹேண்டில்பார் வரை சும்மா வரும். பிரேக் ஆயில் டப்பாவின் கண்ணாடி ஜன்னலில் தேன் நிறமாகத் தெரிந்தால் சரி, டிகாக்ஷன் நிறமானால் மாற்றுங்க. நிறம் எப்படி இருந்தாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும்.

கிளட்ச் கேபிள் அறுந்தால் மலையில் ரொம்பக் கஷ்டம். லீவர் பக்கத்து ஈயக் குண்டை வெளியே எடுத்து, கம்பி குண்டுக்குள் நுழையும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்க. ஒரே ஒரு இழை குத்தினாலும் கேபிளை மாற்றுங்க, ஒன்று போனால் மற்றவை வரிசையாகப் போகும். புதுக் கேபிளைப் பழைய கேபிள் கூடவே ஓட்டி, இரண்டு முனையையும் டேப் சுற்றிக் கட்டி வைத்தால் ரோட்டோரம் பத்து நிமிஷ வேலை.

செயினைச் சுமை ஏற்றுவதற்கு முன்னால் அளவுக்கு மேல் இறுக்கிவிடாதீங்க. ஆள் ஏறி, ஸ்பிரிங் அமுங்கினால் செயின் இன்னும் விறைக்கும். சென்டர் ஸ்டாண்டில் கீழ்ச்செயினின் நடுவில் 25 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் பெரும்பாலான சின்ன வண்டிகளுக்குச் சரி. சக்கரத்தைச் சுற்றி, செயின் எங்கே அதிகமாக விறைக்கிறதோ அந்த இடத்தில் வைத்து அளக்க வேண்டும்.

டிசம்பர் 25

ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிற இரண்டு பேரும் இதைத் தனியாகப் படிக்கணும். மேலே நான் எழுதிய கியரில் இறங்கும் விஷயம் டூ ஸ்ட்ரோக்குக்கு அப்படியே பொருந்தாது. அதில் ஆயில் பம்ப் ஆக்சிலேட்டரோடு சேர்ந்தது. ஆக்சிலேட்டரை மூடினால் ஆயிலும் குறையும். மூடியபடியே எஞ்சின் அதிக சுற்றில் ஐந்து நிமிஷம் ஓடினால் பிஸ்டன் வறண்டு பிடிக்கப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு நேர்ப்பகுதியிலும் கிளட்சைப் பிடித்து ஒரு தடவை ஆக்சிலேட்டரைத் திருகி விடுங்க, ஒரு விநாடி போதும். பிரேக்கையும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பயன்படுத்துங்க, நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்க. இந்த இரண்டு வண்டியும் சேர்ந்தே போகட்டும்.

டிசம்பர் 27

பாதை விஷயத்தில் முதல் நாள் எழுதினதை மாற்றுகிறேன். குப்பனூர் வழியாக ஏறுங்க, அடிவாரம் வழியாக இறங்குங்க.

காரணம் இதுதான். குப்பனூர், கொட்டச்சேடு பக்கம் பாதை குறுகல். அங்கே மேலே ஏறும்போது வேகம் தானாகவே குறைவாக இருக்கும், நிறுத்த நினைத்தால் மலையே நிறுத்திக்கொடுக்கும். அதே குறுகலில் மூட்டையோடு இறங்கும்போது எதிரே தோட்டத்து ஜீப் வந்தால் ஒதுங்க இடமும் இல்லை, நிறுத்தத் தூரமும் இல்லை. ஜனவரியில் காபி பறிக்கிற காலம், பழ மூட்டையும் ஆட்களும் ஏற்றின ஜீப் நேரம் காலம் இல்லாமல் வரும். அடிவாரப் பாதை அகலம், வளைவுக்கெல்லாம் எண் பலகை உண்டு, 20-லிருந்து எண்ணிக்கொண்டே இறங்கலாம். பழக்கமில்லாத ஆளுக்கு அந்த எண்ணிக்கையே பெரிய தைரியம்.

இந்த யோசனை ஆள் ஆளுக்கு மாறும் என்பது தெரியும். மூட்டை இல்லாமல் இரண்டு மூன்று வண்டி போவதாக இருந்தால் குப்பனூர் இறக்கம் அருமையானது. 14 வண்டி, பாதிப் பேர் புதுசு என்பதால்தான் மாற்றச் சொல்கிறேன். விடுமுறை நாளில் போலீஸ் ஒருவழிப் பாதை ஆக்கினால் அவர்கள் சொல்கிறபடிதான், முந்தின நாள் சாயந்திரமே விசாரித்துக்கொள்ளுங்க. மழை வந்தாலும் விசாரிக்கணும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது.

டிசம்பர் 28

கொல்லிமலைக்கு மாற்றலாமே என்று ஒருவர். 70 கொண்டை ஊசி, ஒன்றை முடிக்குமுன் அடுத்தது. சுமை இல்லாமல் ஒரு நாள் போய்விட்டு வாருங்க, கூடாரத்தோடு முதல் பயணமாக வேண்டாம்.

டிசம்பர் 30

வளைவில் எப்படி என்று கேட்டவருக்கு.

ஏறும்போது இடது வளைவு உள்வளைவு. சின்ன வட்டம், செங்குத்து அதிகம். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே கியரைக் குறைத்துவிடுங்க. பாதி வளைவில் எஞ்சின் திணறி, கிளட்சைப் பிடித்து, வண்டி நின்று, உள்பக்கமாகச் சாய்ந்தால் பள்ளமான பக்கம் கால் எட்டாது. ஏற்றத்தில் புதியவர் விழுவது பெரும்பாலும் இப்படித்தான். வலது வளைவு அகலம், அங்கே ஆபத்து நடுக்கோட்டைத் தாண்டுவது. இறங்கும்போதும் இடது வளைவுதான் உள்வளைவு, அதே கவனம் வேண்டும். பிரேக் எல்லாம் வளைவுக்கு முன்னால் நேரில் முடியட்டும். உள்ளே போன பிறகு இரண்டாம் கியரில் லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து இழுத்த மாதிரி திரும்புங்க. கண் முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, வளைவு முடியும் இடத்தில் இருக்கணும்.

பேருந்து வந்தால் கொண்டை ஊசியின் முழு அகலமும் அதற்குத்தான். டிரைவர் உங்களைப் பார்க்கிற இடத்தில், வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்க. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் நிற்க வேண்டும். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை, சாலை விதியிலேயே இருக்கிறது.

14 வண்டி ஒரே வால் மாதிரி போகக் கூடாது. ஐந்து, ஐந்து, நான்கு என்று மூன்று குழு, நடுவில் ஐந்து நிமிஷ இடைவெளி. ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் பாதை தெரிந்தவர், அவருக்கு அடுத்து ரொம்பப் புதியவர், கடைசியில் டூல்ஸ் வைத்திருப்பவர். முன்வண்டியின் வேகத்தை நிர்ணயிப்பது அந்த இரண்டாவது ஆள்தான். நேர்ப்பாதையில் இடம் வலமாக மாறி மாறிப் போகலாம், வளைவில் ஒற்றை வரிசை. லூப் ரோட்டில் பிரிவு வரும் இடத்திலெல்லாம் இரண்டாவது வண்டி நின்று கை காட்டிவிட்டு, கடைசி வண்டி வந்ததும் சேர்ந்துகொள்ளட்டும். சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது, போனை நம்பிப் பிரிய வேண்டாம்.

டிசம்பர் 31

நிறுத்துவது வளைவில் வேண்டாம், நேர்ப்பகுதியில் ஒதுக்குப்புறமாக. தின்பண்டம் வெளியே தெரிந்தால் குரங்கு டேங்க் பேக் ஜிப்பைத் திறந்துவிடும். தட்டுவடைப் பொட்டலம் பையின் அடியில் இருக்கட்டும்.

ஜனவரி 2

“மலைக்கு மேல் போனால் டயர் காற்று ஏறும், இரண்டு பாயின்ட் இறக்கிவிட்டுக் கிளம்புங்க” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. உயரம் கூடினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், அதனால் மீட்டர் சுமார் 2 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். ஆனால் சேலத்தில் பகலில் 28 டிகிரியில் அடித்த காற்று மேலே ராத்திரி 14 டிகிரிக்கு வரும்போது அதே 2 பி.எஸ்.ஐ. குறையும். இரண்டும் கழிந்துவிடும். தொடவே வேண்டாம். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருவர் போகும்போது என்று போட்டிருக்கும் அளவையே பின்டயருக்கு வையுங்க, மூட்டைக்கும் அது பொருந்தும்.

பழைய கார்புரேட்டர் புல்லட் மேலே போனதும் ஐடிலில் கொஞ்சம் திணறினால் பயப்படாதீங்க. காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்துவிடுவதால் வருவது அது. ஐடில் ஸ்குரூவைக் கால் திருப்பு கூட்டினால் போதும், இறங்கியதும் பழைய இடத்துக்குத் திருப்பிவிடுங்க.

பெட்ரோல் கேன் வேண்டாம். ஏற இறங்க, லூப் சுற்ற, ஊருக்குள் திரிய எல்லாவற்றுக்கும் சேலத்தில் டேங்க் நிரப்பினால் தாராளம்.

ஜனவரி 5

கூடாரம். தோட்டக்காரரிடம் அனுமதி வாங்கியிருக்கிறீர்கள் என்பதே பாதி நிம்மதி. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இந்த மலையில் நிறைய இடம் தோட்டம்தான். வேலி இல்லை என்பதால் யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று நினைக்கக் கூடாது. மீதி காப்புக்காடு. அங்கே நுழைவதும் நெருப்பு மூட்டுவதும் 1882-ம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம்.

தோட்டத்துக்குள்ளும் கேம்ப் ஃபயர் வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. சில்வர் ஓக் சருகு ஜனவரியில் அப்பளம் மாதிரி இருக்கும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் என்ன நடந்தது என்பது நம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. குளிருக்கு ஸ்வெட்டரும் சுக்குக்காபியும் போதும்.

களம் பக்கம் கூடாரம் அடிக்காதீங்க, காபி காயப்போட்டிருப்பார்கள். பட்ட கிளை தொங்கும் மரத்தடியும், ஓடை இறங்கும் தாழ்வும் வேண்டாம். கீழே விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் விளிம்பைவிட நான்கு விரல் உள்ளே இருக்கணும். வெளியே நீட்டினால் பனித்தண்ணீரை வாங்கி அடிக்குள் கொண்டுவந்துவிடும். ஜன்னல் வலையை மூடாதீங்க. மூடினால் மூச்சிலிருந்து வரும் ஈரம் மேல்துணியில் படிந்து காலையில் முகத்தில் சொட்டும். போர்வை இரண்டு இருப்பதைவிட அடியில் 10 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட் ஒன்று மேல். உடம்புச் சூட்டை உறிஞ்சுவது தரைதான்.

காட்டெருமை இந்த மலையில் உண்டு. ராத்திரி சத்தம் கேட்டால் டார்ச் அடித்துக் கூட்டமாக வெளியே வராதீங்க. அதன் வழியில் அது போகும்.

வண்டியை மேட்டைப் பார்க்க, முதல் கியரில் நிறுத்துங்க. சைடு ஸ்டாண்டுக்கு அடியில் தட்டைக் கல் ஒன்று. பனியில் மண் நெகிழ்ந்து விடியற்காலையில் வண்டி படுத்துவிடும், ஒன்று விழுந்தால் பக்கத்தில் நிற்பதையும் தள்ளும்.

ஜனவரி 6

சமையல் கணக்கு. 1,500 மீட்டரில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சாதம் வேக நேரமாகும், பருப்பு லேசில் மசியாது. குக்கர் அவசியம், ஐந்து லிட்டர் ஒன்று. ஒரு வேளைக்கு 14 பேருக்கு அரிசி 1¾ கிலோ, இரண்டு தடவையாக வையுங்க. ரவை உப்புமா என்றால் ஒரு கிலோ. சர்க்கரைப் பொங்கல் வைக்க ஆசைப்பட்டால் அரிசி அரை கிலோ, பாசிப்பருப்பு 150 கிராம், வெல்லம் முக்கால் கிலோ. வெல்லத்தைக் கீழேயே பாகு வைத்து வடிகட்டிப் பாட்டிலில் கொண்டு போங்க. மேலே குளிரில் கரைத்து வடிகட்டிக்கொண்டு உட்கார முடியாது.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். டம்ளர் எவர்சில்வர். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதல் தடை.

ஜனவரி 7

நேற்று எழுதிய தண்ணீர்க் கணக்கு தப்பு. மூன்று லிட்டர் குடிக்க மட்டும்தான் வரும். சமைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஆளுக்கு ஐந்து. 14 பேருக்கு 70 லிட்டர். இதைக் கீழேயிருந்து சுமக்க முடியாது, ஏற்காடு ஊரில் நாளுக்கு 20 லிட்டர் கேன் நான்கு வாங்கித் தோட்டத்து ஜீப்பில் அனுப்பச் சொல்லுங்க.

ஜனவரி 9

காணும் பொங்கல் அன்று ஏரிப் பக்கமும் பகோடா பாயின்ட்டும் சேலமே திரண்டு வந்த மாதிரி இருக்கும். லூப் ரோடு சுற்றுவதை அன்று காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியுங்க. நாகலூர் பக்கம் அந்த நேரத்தில் மூடுபனி இருந்தால் லைட்டை டிம்மில் வையுங்க, பிரைட்டில் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். நிழல் விழும் வளைவில் சருகும் பனி ஈரமும் சேர்ந்து சோப்பு மாதிரி இருக்கும். தோட்டத்து வாசல் வரும் இடத்தில் ஜீப் டயர் கொண்டுவந்த செம்மண்ணைத் தேடிப் பாருங்க. பகலுக்கு மேல் வண்டியைத் தொடாமல் கூடாரத்திலேயே இருங்க.

ஜனவரி 12

இறங்கும் நாள் காலை எட்டுக்குக் கிளம்புங்க, பனி ஈரம் காய்ந்திருக்கும். கிளம்புமுன் கயிறு எல்லாம் மறுபடி இறுக்கணும், ராத்திரிப் பனியில் தளர்ந்திருக்கும். பத்தாவது வளைவைத் தாண்டி நேர்ப்பகுதியில் பத்து நிமிஷம் நில்லுங்க. சக்கரத்தின் நடுவை மோந்து பாருங்க, கருகின வாசனை வந்தால் இன்னும் பத்து நிமிஷம். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, தகடு வளைந்துவிடும்.

ஜனவரி 18, கேட்டவர்

குப்பனூர்ல ஏறி அடிவாரம் வழியா 14 வண்டியும் பத்திரமா இறங்கியாச்சுண்ணா. ஒரு 100 சிசி வண்டில மட்டும் பின் பிரேக் மிதிச்சா பிடிக்கவே மாட்டேங்குது, கீச்சுனு சத்தம் வேற. என்ன பண்றது?

ஜனவரி 18, இரவு

எல்லாரும் நல்லபடியாக வந்ததில் ரொம்ப சந்தோஷம், தம்பி. அது ஷூ வெந்துபோனது. மிதியின் மேலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கியிருப்பார். சக்கரத்தைக் கழற்றி ஷூவை வெளியே எடுங்க. மினுங்கும் முகத்தை 80 நம்பர் உப்புத்தாளில், குறுக்குவாட்டில், மினுக்கம் முழுசாகப் போகும் வரை தேயுங்க. தூசியை ஊதாதீங்க, ஈரத்துணியால் துடையுங்க. டிரம்மின் உள்பக்கத்தையும் லேசாக ஒரு சுற்று தேய்க்கணும். அங்கே நீலம் பாய்ந்த திட்டு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்க. லைனிங் கனம் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் தேய்த்துப் பிரயோஜனம் இல்லை, ஜோடியாக மாற்றுங்க. ஷூவை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்க, சூட்டில் அது தளர்ந்திருக்கும். தளர்ந்த ஸ்பிரிங்கில் புது ஷூவும் டிரம்மை உரசிக்கொண்டேதான் ஓடும்.